முழங்கால் வலியும் காய்கறித் தோட்டமும்: எல்லாப் பாத்திகளையும் உயர்த்த வேண்டுமா?

கேள்வி: 78 வயதாகும் என் பெரியம்மா கைத்தடி ஊன்றி நடக்கிறார். மூட்டுத் தேய்மானத்தால் குனிந்து களை எடுக்க முடியவில்லை. ஆனாலும் காய்கறித் தோட்டத்தை விட அவருக்கு மனமில்லை. தரைப் பாத்திகள் அனைத்தையும் உயர்த்திக் கட்டிவிடலாமா?

பதில்: அனைத்தையும் உயர்த்த வேண்டாம். 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாத்தியை 70 செ.மீ. உயரத்துக்குக் கட்டினால், அதை நிரப்ப ஏறத்தாழ 1.4 கன மீட்டர் மண் தேவைப்படும். நனைந்த நிலையில் அது சுமார் 2 டன் எடை இருக்கும். செலவும் உழைப்பும் ஒருபுறமிருக்க, மேட்டுப்பாத்தி தரைப் பாத்தியைவிட விரைவில் காய்ந்துவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றும் வேலையும் கூடும். வீட்டு வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அருகில் ஓரிரு பாத்திகளை மட்டும் உயர்த்தினாலே போதும்.

அளவுகளை இணையத்திலிருந்து எடுக்காமல் பெரியம்மாவிடமிருந்தே எடுங்கள். அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி முழங்கையை மடக்கச் செய்து, அதற்கு ஒரு சாண் கீழே பாத்தியின் மேல்விளிம்பு வருமாறு உயரத்தைக் குறித்துக்கொள்ளலாம். உடம்பை முன்னே சாய்க்காமல் அவருடைய கை எட்டும் தூரம் எவ்வளவோ, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அணுகக்கூடிய பாத்திக்கு அதுவே அகலம். பலருக்கு இது 60 செ.மீ.க்குள்தான் இருக்கும். இரு பக்கமும் நடைபாதை இருந்தால் அதன் இரு மடங்கு வைக்கலாம். நெடுநேரம் நிற்க இயலாது என்றால், கால் வைத்த மேசை போன்ற ஆழமற்ற தொட்டியே நல்லது, ஏனெனில் சுவர் வைத்த பாத்தியின் முன் நாற்காலி போட்டு அமர்பவர், முழங்காலை உள்ளே நுழைக்க வழியின்றி, இடுப்பை முறுக்கியபடியே வேலை செய்ய நேரிடும். கீரைக்கு 15 முதல் 20 செ.மீ. மண் ஆழம் போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 30 செ.மீ. வேண்டும்.

பாத்தியைக் காட்டிலும் நான் அதிகம் கவலைப்படுவது நடைபாதையைப் பற்றித்தான். அது 90 செ.மீ.க்குக் குறையாத அகலத்துடன், கைத்தடியின் முனை புதையாதபடி இறுகிய தரையாக இருக்க வேண்டும். தளர்ந்த சரளைக்கல் பார்வைக்கு அழகாக இருக்கலாம், ஆனால் தள்ளாடும் கால்களுக்கு ஆகாது. பாத்தியின் ஓரத்தை நடைபாதையிலிருந்து மாறுபட்ட நிறத்தில் அமைத்தால் பார்வை மங்கியவர்களுக்கும் அது தெளிவாகத் தெரியும். வழியில் குறுக்கே கிடக்கும் ரப்பர் குழாய் தடுக்கி விழச் செய்யும். 10 லிட்டர் பூவாளியோ நிரம்பினால் 10 கிலோவுக்கு மேல் கனக்கும். இரண்டுக்கும் மாற்று, நேரக்கருவி பொருத்திய சொட்டுநீர்க் குழாய்தான்.

மீதமுள்ள தரைப் பாத்திகளில் காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் களை பெரிதும் குறையும். தோள் உயரப் பந்தலில் கொடி அவரையை ஏற்றிவிட்டால் நின்றபடியே பறிக்கலாம். ஏணி தேவைப்படும் எந்தக் கொடியும் இனி வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், அமர்ந்த நிலையிலிருந்து சட்டென எழும்போது தலைசுற்றல் வரக்கூடும் என்பதால், பற்றிக்கொள்ள உறுதியான கைப்பிடி ஒன்றை அருகில் பொருத்துங்கள்.

எந்தச் செடி இருக்க வேண்டும், எதை விடலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். இப்போதைய அறுவடை முடிந்ததும் ஒரே ஒரு பாத்தியை மட்டும் கட்டி, ஒரு பருவம் முழுவதும் அவர் அதில் வேலை செய்து, உயரம் ஒத்துவருகிறது என்று சொன்ன பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள்.