சட்ட ஆலோசனை: வெள்ளை கார்டா, கேசரி கார்டா?

கேள்வி: தாராவியில் 90 அடி ரோட்டுக்கு உள்ளே பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். செலவு போக மாதம் 25,000 ரூபாய் நிற்கும். 2025 ஆகஸ்டில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மகாராஷ்டிரா அரசின் இலவசக் காப்பீட்டுத் திட்டப் பலகை வாசலிலேயே இருந்தது. கவுண்டரில் எங்கள் வெள்ளை ரேஷன் கார்டைக் காட்டினேன். படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து, ‘வெள்ளை கார்டுக்குத் திட்டம் கிடையாது, ஒரு லட்சம் டெபாசிட் கட்டு’ என்றார்கள். அப்பாவின் ஊர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் நீட்டினேன், அதுவும் செல்லாதாம். மராத்தியில் இருந்த நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு ஸ்டென்ட், மொத்தம் 2,35,000 ரூபாய். மனைவியின் தாலிச் சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது. காவலாளி எங்களை ‘மதராசி’ என்று கேவலமாகப் பேசினான். ஊரில் இருக்கும் அண்ணன் ஒரு பைசா அனுப்பவில்லை.

நவம்பரில் ஒரு ஏஜென்ட் 7,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 95,000 ரூபாய் வருமானச் சான்றும் கேசரி (காவி நிற) ரேஷன் கார்டும் எடுத்துக் கொடுத்தார். வெள்ளை கார்டுக்கும் திட்டம் உண்டு என்பது இப்போதுதான் தெரிந்தது. நான் சத்தம் போட்டபிறகு மருத்துவமனை 80,000 திருப்பித் தருவதாகச் சொல்கிறது. எனக்கு முழுப் பணமும், 20 லட்சம் நஷ்டஈடும் வேண்டும், அவர்கள் லைசென்ஸ் போகவேண்டும். கேசரி கார்டையும் சேர்த்துக் கொடுத்தால் கேஸ் பலமாகும் என்கிறார் ஏஜென்ட். மெஷின் லோனுக்காக ஐ.டி. ரிட்டனில் 5,40,000 வருமானம் காட்டியிருக்கிறேன், அதனால் பிரச்சினை வருமா? அப்பாவுக்கு உண்மையில் 72 வயது, ஆதாரில் 67 என்று இருக்கிறது.

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை. அந்த வெள்ளை கார்டில் உங்கள் அப்பாவின் பெயர் இருக்கிறதா?

காவலாளி, அண்ணன், தாலிச் சங்கிலி எல்லாம் உண்மை, வலிக்கத்தான் செய்யும். ஆனால் எந்த நுகர்வோர் ஆணையமும் இவற்றுக்கு மதிப்பெண் போடாது. அப்பாவைச் சேர்த்த அந்த ராத்திரி, அவர் பெயர் உள்ள மகாராஷ்டிரா ரேஷன் கார்டு உங்கள் கையில் இருந்ததா, அதை மருத்துவமனை பார்த்ததா என்பதில்தான் வழக்கு நிற்கிறது. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கார்டில் பெயர் உள்ளவர்கள். பெற்ற அப்பாவாகவே இருந்தாலும் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கார்டின் கணக்கில் அவர் வரமாட்டார். ஊர் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்று நீங்கள் எழுதியதும் எனக்கு வந்த சந்தேகம் இதுதான். அவர் பெயர் இன்னும் ஊர் ரேஷன் கார்டிலேயே இருக்கிறதோ? மும்பைத் தமிழர் குடும்பங்களில் இது சாதாரணம். தாத்தா பாட்டி இங்கே, பெயர் மட்டும் ஊரில், பொங்கலுக்குப் பொங்கல் பரிசுத்தொகுப்பு வாங்க.

அந்த ஊர் அட்டை மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலிலும் சேர்ந்த அட்டையாக இருந்தால் மும்பையில் உள்ள திட்ட மருத்துவமனையிலும் செல்லும். தமிழக அரசுத் திட்டத்துக்கு மட்டும் உரியதாக இருந்தால் இங்கே செல்லாது. ஆயுஷ்மான் பாரத் உதவி எண் 14555-க்கு அழைத்து எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். மேற்கொண்டு, அப்பா பெயர் வெள்ளை கார்டில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன். இல்லையென்றால், அந்த 80,000-ஐ நாளைக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம். மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டம் 2012-இல் வேறு பெயரில் தொடங்கியபோது மஞ்சள் கார்டும், ஒரு லட்சம் வரை வருமானமுள்ள கேசரி கார்டும்தான் கணக்கு. நலிந்த சில விவசாய மாவட்டங்களுக்கு மட்டும் பின்னால் விதிவிலக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் வருமானமுள்ளவர்களின் வெள்ளை கார்டு, ஒரு கிலோ அரிசிகூட வாங்கித் தராத கார்டு என்று பெட்டிக்குள் கிடந்தது. 2023 ஜூலை 28 அரசாணை எல்லா ரேஷன் கார்டுக்காரர்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்றிருந்த வரம்பு 5 லட்சமானது. நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1-இல். உங்கள் சம்பவம் அதற்கு ஓராண்டுக்கும் பிறகு நடந்தது. ஆகவே ‘வெள்ளை கார்டுக்குக் கிடையாது’ என்று கவுண்டரில் சொன்னது தவறான தகவல். அறியாமல் சொன்னார்களா, அறிந்தே சொன்னார்களா என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆரோக்கிய மித்ரா (திட்ட நோயாளிகளுக்கு வழிகாட்டும் உதவியாளர்) மேசை இருக்கும் மருத்துவமனைக்கு அது தெரிந்திருக்கவேண்டும். ராத்திரி ஆள் இல்லை என்பதும் பதில் ஆகாது, அவசர நோயாளிக்குத் தொலைபேசியிலேயே தகவல் சொல்லிச் சேர்க்க அந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது.

அரசிடம் பணம் கேட்பதை மட்டும் மறந்துவிடுங்கள். பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் இது. கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் திருப்பித் தரும் ஏற்பாடு இதில் இல்லை. உங்கள் எதிர்த்தரப்பு மருத்துவமனை மட்டும்தான், குற்றச்சாட்டு சேவைக் குறைபாடு. நீங்கள் பணம் கட்டியவர், எனவே நுகர்வோர். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டுக் கெடு; நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. 20 லட்சத்தைப் பற்றி ஒரே வார்த்தை: வராது. லைசென்ஸ் உங்கள் வழக்கில் தீரும் விஷயமே கிடையாது. திட்டப் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்று திட்டத்தின் உதவி எண் 155388-இல் புகார் பதியலாம். பதியுங்கள், எண்ணை வாங்கி வையுங்கள், அதோடு விடுங்கள்.

உங்களிடம் இருக்கும் நல்ல ஆதாரம் அந்த வாட்ஸாப் படம். எந்த எண்ணுக்கு, எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது என்பது அதில் இருக்கிறது. போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். அவர்களிடம் இருக்கும் நல்ல ஆதாரம் நீங்கள் கையெழுத்துப் போட்ட மராத்தித் தாள்கள். ‘திட்டம் பற்றி எனக்கு விளக்கப்பட்டது, நானே விரும்பிப் பணம் கட்டிச் சிகிச்சை பெறுகிறேன்’ என்ற வாசகம் அதில் ஒன்றில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தவறான தகவல் சொல்லி வாங்கிய சம்மதம் என்று வாதாடலாம், முடியாதது இல்லை. ஆனால் வாதாடவேண்டிய இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அதனால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன்பு, சிகிச்சைக் கோப்பு முழுவதின் நகலை எழுத்தில் கேளுங்கள், ஒப்புதல் படிவங்கள் உட்பட. கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்கவேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. கோபத்தில் முதலில் நோட்டீஸை அனுப்பிவிட்டு அப்புறம் கோப்பு கேட்பவர்களுக்குக் கிடைக்கும் கோப்பு, பெரும்பாலும் கொஞ்சம் மெலிந்திருக்கும்.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம், அந்தக் கேசரி கார்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் உண்மையான வருமானம் ஆண்டுக்கு 3 லட்சம். வங்கிக்காக வருமான வரித் துறையிடம் சொன்னது 5,40,000. ஏஜென்ட் வழியாகத் தாசில்தாரிடம் சொன்னது 95,000. ஒரே ஆளுக்கு மூன்று வருமானம். தனித்தனியாக மூன்று அலுவலகங்களில் தூங்கும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. நுகர்வோர் புகாரில் பிரமாணப் பத்திரம் போட்டு நீங்கள் கையெழுத்திடும் நாளில் மூன்றும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் மும்பை ஆன்டாப் ஹில்லிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு, திட்டத்தில் சேர்க்காமல் பணம் பிடுங்கியிருந்தார்கள். அருமையான வழக்கு. கார்டு சரி, ரசீது சரி, சாட்சி சரி. ‘பலமாக இருக்கட்டும்’ என்று எனக்கே சொல்லாமல் ஒரு வருமானச் சான்றைப் புகாரோடு இணைத்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சிகிச்சையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எழுத்து மூலம் அனுப்பிய கேள்விகளில் பத்தில் எட்டு அந்தச் சான்றைப் பற்றியே. மகனின் பைக் கடன் விண்ணப்பத்தை எங்கிருந்தோ எடுத்து வந்தார்கள். சுத்தமான கையோடு வரவில்லை என்று புகார் தள்ளுபடியானது. அதற்குப் பிறகு தாசில்தார் அலுவலகத்திலிருந்து விசாரணைக் கடிதம். அந்த அம்மா கடைசியில் வழக்கு நடத்தியது மருத்துவமனையோடு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. இந்த மாதிரி நான் பார்த்தது ஒன்றிரண்டு இல்லை.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. அந்தச் சான்று உங்களுக்குத் தேவையே இல்லை. ஆகஸ்டில் உங்கள் கையில் இருந்த வெள்ளை கார்டே போதுமானதாக இருந்தது. தகுதியைப் பார்ப்பது அப்பாவைச் சேர்த்த நாளில். நவம்பரில் வந்த கார்டு ஆகஸ்ட் ராத்திரிக்கு எந்தப் பலமும் தராது. தருவது எதிர்த்தரப்புக்கு ஓர் ஆயுதம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்குப் பிரிவு 318, போலி ஆவணத்துக்கு 336, அதை உண்மையானதாகப் பயன்படுத்தினால் 340. பொய் விவரம் தந்தவராகச் சான்றில் இருக்கும் பெயர் உங்களுடையது. ஏஜென்ட் பெயர் எந்தத் தாளிலும் இராது, அதற்காகத்தான் அவர் ஏஜென்ட்.

ஆகவே கேசரி கார்டு இந்த வழக்கில் ஒரு பக்கத்தில்கூட வரக்கூடாது, வேறெங்கும் நீட்டவும் கூடாது. கிழித்துப் போடவும் வேண்டாம். ஒரு குற்றவியல் வக்கீலிடம் நேரில் காட்டிவிட்டு, உண்மையான வருமானத்தை எழுதி ரேஷனிங் ஆபீஸில் திருத்த மனு கொடுங்கள். புதுக் கார்டு வாங்கும்போது பழைய வெள்ளை கார்டை ஏஜென்ட் எடுத்துக்கொண்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால், 2025 ஆகஸ்டில் உங்கள் குடும்பத்துக்கு எந்தக் கார்டு, யார் யார் பெயரில் இருந்தது என்று அதே ஆபீஸில் தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை புகார் தாக்கல் செய்யாதீர்கள், கெடுவுக்கு நேரம் இருக்கிறது.

ஐ.டி. ரிட்டன் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வெள்ளை கார்டுக்கு வருமான உச்சவரம்பு இல்லாததால் திட்ட வாதத்தை அது தொடாது. ஆனால் வேறொரு கதவை அடைத்துவிட்டது. அந்த மருத்துவமனை அறக்கட்டளை மருத்துவமனையாக இருந்தால், மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவும் பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த ஏற்பாடும் சேர்ந்து, பத்து சதவீதப் படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் கொடுக்கச் சொல்கின்றன. நலிந்த பிரிவுக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 3,60,000. உங்கள் உண்மை வருமானம் 3 லட்சம், உரிமையோடு கேட்டிருக்கலாம். இப்போது கேட்டால் 5,40,000-ஐத் தூக்கி எதிரே வைப்பார்கள். மெஷினுக்காகப் பெரிய மனிதராகிவிட்டீர்கள், இனி அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு என் யோசனை: சமாதானமாகப் போங்கள். 80,000-க்கு இல்லை. கோப்பு நகல், வாட்ஸாப் படம், அரசாணைத் தேதி, 155388 புகார் எண் ஆகிய நான்கையும் வைத்து இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு கடிதம் எழுதுங்கள், வசவு இல்லாமல். முழுத்தொகையைக் கேளுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மராத்தித் தாளில் நான் சொன்ன வாசகம் இருந்தால் ஒன்றேகால் லட்சத்துக்கும் சரி என்பேன். ஆணையத்துக்குப் போனாலும் முதல் விசாரணையிலேயே சமரசத்துக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. அங்கே இரண்டு வருடம் அலைந்து பெறுவதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதற்குள் அடகு வட்டி சங்கிலியைத் தின்றுவிடும்.

சமாதானத்திலும் கால் இடறும் இடம் உண்டு. பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ தாளில் கையெழுத்து, ரொக்கம் வேண்டவே வேண்டாம். தாள் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், ஒருமுறை பட்டது போதும். ‘அரசில் கொடுத்த புகாரின் மேல் எந்த நடவடிக்கையும் வராது என்று உறுதி கூறுகிறேன்’ என்று எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இனிமேல் வலியுறுத்தமாட்டேன் என்று வேண்டுமானால் எழுதலாம், அரசு என்ன செய்யும் என்பதற்கு நீங்கள் ஜாமீன் நிற்க முடியாது.

அப்புறம் அப்பாவின் வயது. 70 நிறைந்த எவருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை காப்பு தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 முதல் இருக்கிறது. அதற்கு வயதைப் பார்ப்பது ஆதாரில். அவருக்கு உண்மையில் 72 என்றால், ஊர்ப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கிறதா என்று அந்த அண்ணனைப் போய்க் கேட்கச் சொல்லுங்கள், அவரால் இதையாவது செய்ய முடியும். பள்ளிச் சான்று இருந்தால், அதை ஏற்பார்களா என்று ஆதார் சேவை மையத்தில் கேட்டு முறையாகத் திருத்தப் பாருங்கள். இல்லையென்றால் ஆதார்க் கணக்குப்படி இன்னும் மூன்று வருடம் காத்திருக்கவேண்டியதுதான். அதுவரை, திருத்தி வரும் ரேஷன் கார்டில் அவர் பெயர் விடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.