மலையக வீதிகளில் ஓடும் சின்ன காருக்கு ரன்-ஃபிளாட் டயர் தேவையா, சாதாரண டயர் போதுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. 14 அங்குல ரிம் போட்ட சின்ன ஜப்பான் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்கள். இரவில் தனியாக ஓட்ட வேண்டி வரும், நடுவழியில் டயர் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். சாதாரண டயர் நாலு, அதே அளவில் ஐந்தாவதாக ஒரு முழு ஸ்பெயார் வீல், இதுதான் என் பதில். ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு ராத்திரி அதை நன்றாக அனுபவித்தவன்.

நான் கொட்டகலைக்காரன். பாவித்த சுசூகி வாகன் ஆர் கார் ஒன்று வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவைக் கண்டியில் கிளினிக்குக் காட்டிவிட்டு நாவலப்பிட்டி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். கினிகத்தேனை தாண்டி வட்டவளை ஏற்றம், மணி ஒன்பது இருக்கும். வட்டவளை மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு மூடுபனி வேறு. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினேன். இடது முன்சக்கரம் தார் விளிம்பிலிருந்து இறங்கி, கானின் கொங்கிரீட் முனையில் உரசியது. 'டப்' என்று ஒரு சத்தம், ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது.

டிக்கித் தரையைத் தூக்கினால் ஸ்பெயார் வீலைக் காணோம். ஒரு போத்தல் மருந்தும், சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன கம்ப்ரஸரும்தான் இருந்தன. ஜப்பானில் இடத்தையும் எடையையும் மிச்சப்படுத்த இப்படிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆணி குத்திய சின்ன ஓட்டை, அதுவும் டயர் தரையில் படுகிற பகுதியில் இருந்தால் அந்த மருந்து அடைக்கும். எனக்குப் போனதோ பக்கச் சுவர், இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டு. ஊற்றிய மருந்தெல்லாம் பால் மாதிரி வெளியே வழிந்தது.

மேலேயிருந்து இறங்கி வந்த மரக்கறி லொறிக்காரர் ஒருவர்தான் நிறுத்தினார். கிளீனர் பையன் பேசாமல் ஒரு மரக்கிளையை ஒடித்துக்கொண்டுபோய் வளைவுக்குப் பின்னால் வீதியில் போட்டான். டிரைவர் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரைச் சிங்களம் அரைத் தமிழில் சொன்னார்: "மல்லி, இங்க நிக்காத. டயர் போனா போகட்டும். மெதுவா உருட்டிக்கிட்டு மேல போ, மட்டமான இடம் இருக்கு."

முன்னூறு மீட்டர் போல உருட்டிக்கொண்டு போனேன். ஒரு கொழுந்து மடுவம், அதன் முன்னால் மட்டமான இடம். பக்கத்து லயத்தில் ஒரு அக்கா அம்மாவுக்குப் படுக்க இடமும் எனக்குச் சாயத்தண்ணியும் கொடுத்தார். விடிந்ததும் வீலைக் கழற்றித் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் அட்டனுக்குப் போனேன். கண்டக்டர் வீலுக்கும் சேர்த்து டிக்கட் போட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கும் ரன்-ஃபிளாட் ஆசை வந்தது. பக்கச் சுவரில் தடித்த, சூடு தாங்கும் ரப்பரை உள்ளே வைத்துக் கட்டியிருப்பார்கள். காற்று முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே வண்டியின் பாரத்தைச் சுமக்கும். கம்பனிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, காற்றில்லாமல் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிஞ்சாமல் 80 கிலோமீட்டர் தூரம். நமக்கு அது தாராளம். அவிசாவளையிலிருந்து நுவரெலியா வரைக்குமான ஏ7 வீதியே 119 கிலோமீட்டர்தான், நடுவில் எத்தனை டவுன்! (மணிக்கு 80இல் ஓட்ட இங்கே யாருக்கு வழி இருக்கிறது என்பது வேறு கதை.) அன்றிரவு அது என் வண்டியில் இருந்திருந்தால் அம்மா அநேகமாக வீட்டிலேயே படுத்திருப்பார். வெட்டு இன்னும் பெரிதாக இருந்திருந்தால் ரன்-ஃபிளாட்டும் கைவிட்டிருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிக்கல் மறுநாள் காலையில்தான் ஆரம்பிக்கும். காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டுக்குப் பிளக் போட்டுத் தரக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். உள்ளே சுவர் எவ்வளவு நொந்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் பல கம்பனிகளே திருத்த வேண்டாம், மாற்றுங்கள் என்கின்றன. சரி, மாற்றலாம். எங்கே? அந்தத் தடித்த சுவரை ரிம்மிலிருந்து பிரிக்க நல்ல மெஷின் வேண்டும். இரும்புப் பட்டையைச் சொருகி நெம்புகிற நம்ம ஊர் பஞ்சர் கடையில் நடக்காது. மெஷின் இருந்தாலும் டயர் இருக்காது. என் வண்டியின் அளவு 155/65ஆர்14. அட்டனில் கேட்டேன், நுவரெலியாவில் கேட்டேன், கடைசியில் கொழும்பில் பஞ்சிகாவத்தை வரைக்கும் போய்க் கேட்டேன். அந்த அளவில் ரன்-ஃபிளாட் யாரிடமும் இல்லை. ஒரு கடைக்காரர் சிரித்தார்: "தம்பி, அது மினி கூப்பர்காரங்க கேட்கிற சாமான்." ஆகவே 14 அங்குல ரிம் என்றால் இந்தக் கேள்விக்குக் கடையிலேயே பதில் கிடைத்துவிடும்.

பெரிய ரிம்முக்கு மாற்றி, எங்காவது தேடிப் பிடித்துப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ரன்-ஃபிளாட் பூட்டும் வண்டியில் காற்றழுத்தத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் காற்றுப் போனது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. என் வண்டியில் அந்த விளக்கு கிடையாது. விளக்கில்லாமல் ஓட்டினால், எப்போது போனது, எத்தனை மைல் ஓடினோம் என்று தெரியாமல் டயர் திடீரென்று சிதறும். இன்னொன்று, சுவர் விறைப்பாக இருப்பதால் குழியில் விழுகிற அடி முழுவதும் ரிம்முக்கும் இடுப்புக்கும் போகும். தோட்டத்துக் கல்வீதியில் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் பார்த்து வைத்திருப்பது ரன்-ஃபிளாட்டோடு வந்த மினி, பி.எம்.டபிள்யூ மாதிரி வண்டி என்றால் கதை வேறு. டயரில் நல்ல பூ இருக்கும்வரை ஓட்டுங்கள். தேய்ந்த பிறகு சாதாரண டயருக்கு மாறுவதென்றால் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள், கலந்து போட்டால் வளைவில் வண்டி ஒரு மாதிரி நடந்துகொள்ளும். ஸ்பெயார் வைக்க அதில் இடமிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இப்போது உங்கள் உண்மையான பயத்துக்கு வருவோம்: இருட்டில், சரிவில், தனியாக வீல் மாற்றுவது. லொறிக்காரர் சொன்னதுதான் முதல் பாடம். சாதாரண டயரும் முன்னூறு மீட்டருக்கு ரன்-ஃபிளாட்தான். நடக்கிற வேகத்தில் உருட்டுங்கள். டயர் போய்விடும், சில நேரம் ரிம்மும் அடிபடும், பரவாயில்லை. பஸ் நிறுத்தமோ, தோட்டத்துக்குத் திரும்புகிற சந்தியோ, கடை வாசலோ வரும்வரை ஜக்கை வெளியே எடுக்கவே வேண்டாம்.

அப்படியும் கொஞ்சம் சரிவாகத்தான் கிடைத்தது என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தச் சின்ன ஓட்டோ கியர் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுப்பவை. கியரை 'பி'யில் (பார்க்) போட்டால் பூட்டப்படுவது முன்சக்கரங்கள்தான். ஒரு முன்சக்கரத்தை ஜக்கில் தூக்கிவிட்டால், அது சும்மா சுற்ற, தரையில் இருக்கிற மற்றது உருளலாம், 'பி' பிடிக்காது. அப்போது வண்டியைப் பிடித்திருப்பது பின்னால் இருக்கிற ஹேண்ட்பிரேக் மட்டும். ஆகவே கல். பின்சக்கரம் இரண்டுக்கும் பள்ளப் பக்கமாக நல்ல கல் வைத்த பிறகுதான் ஜக். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிக்கொள்ளுங்கள். கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியதை வண்டியோடு வருகிற குட்டி ஸ்பானரால் கழற்றக் கை போதாது. நான் ஒன்றரை அடி இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன், ஸ்பானர் பிடியில் சொருகி மிதித்தால் ஐம்பது கிலோ ஆள்கூடக் கழற்றலாம். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். தலைக்கு மாட்டும் டார்ச் ஒன்றும் வாங்குங்கள், போனை வாயில் கவ்விக்கொண்டு நட்டுக் கழற்றிய அனுபவம் எனக்கு உண்டு.

காற்று விஷயத்தில் ஒரு வேடிக்கை, கீழிருந்து வருகிறவர்கள் இதில் குழம்புவார்கள். 5–6 பாகை செல்சியஸ் குறைந்தால் டயரின் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. (பஞ்சர் கடை மானியில் காட்டும் அளவு) குறையும். கொழும்பில் 30 பாகையில் அடித்த காற்று நுவரெலியாவின் 10 பாகை விடியலில் மூன்றரை குறைந்திருக்க வேண்டும். ஆனால் 1,868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் மானி 3 போலக் கூட்டிக் காட்டும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிடும். ஆகவே மேலே வந்து அளக்கும்போது வித்தியாசம் பெரிதாக இருந்தால் குளிரைக் குற்றம் சொல்லாதீர்கள், எங்கோ கசிகிறது.

என் ஸ்பெயார் அதே அளவில் பழைய ரிம்மும் புது டயரும். டிக்கிப் பள்ளத்தில் முழு வீல் இறங்காது, அதனால் மேலேயே படுத்துக் கிடக்கிறது. அம்மா அதன் மேல் மரக்கறிக் கூடையை வைக்கிறார், இடம் போனதைப் பற்றி இன்றுவரை முணுமுணுப்பும் உண்டு. நீங்கள் கார் பார்க்கப் போகும்போது டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்கள். கீழே போத்தல்தான் இருக்கிறது என்றால் விலை பேசும்போதே ஒரு வீலையும் ஜக்கையும் சேர்த்துக் கேளுங்கள். போத்தலிலும் காலாவதித் திகதி இருக்கும். என்னுடையதை விடிந்த பிறகுதான் திருப்பிப் பார்த்தேன், 2019 என்று போட்டிருந்தது.