பதில்: கத்தோடிக் பாதுகாப்பு இருந்தும் குழாயில் துளை

நண்பரே, களிமண்ணில் புதைத்த, பாலிஎதிலீன் டேப் சுற்றிய தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், துருப் பிடிக்காமல் இருக்க அதற்குச் சிறு மின்னோட்டம் கொடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பு, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே மீட்டரில் மைனஸ் 870 மில்லிவோல்ட், அப்படியும் இரண்டாவது துளை என்கிறீர்கள். டேப்பைப் பிரித்ததும் கறுப்பு வழவழப்பும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதுதான். சல்பேட்டைச் சல்பைடாக்கும் பாக்டீரியா வேலையாகத்தான் இருக்கும், காற்றுப் புகாத ஈரக் களிமண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அந்தக் கறுப்பில் இரண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, மேலே லெட் அசிடேட் தாளைப் பிடியுங்கள், கறுத்தால் சல்பைடு. திறந்தவெளியில் செய்யுங்கள், வரும் வாயு விஷம்.

ஒப்பீட்டுக்காக மண்ணில் வைக்கும் செம்பு-செம்பு சல்பேட் மின்வாயை வைத்துப் பார்த்தால் சாதாரண மண்ணுக்கு மைனஸ் 850 மில்லிவோல்ட் போதும், இந்தப் பாக்டீரியா இருக்கிற இடத்தில் மைனஸ் 950 வேண்டும். அதுவும் மின்னோட்டத்தை நிறுத்திய உடனே எடுத்த அளவாக இருக்க வேண்டும், ஓடும்போது எடுத்தால் மண்ணில் விழும் மின்னழுத்தமும் சேர்ந்துகொண்டு பாதுகாப்பு அதிகம்போலக் காட்டும், உங்கள் 870 அப்படி எடுத்ததோ என்று சந்தேகம்.

சரி, மின்னோட்டத்தை ஏற்றிவிட்டால் தீருமா? ஒட்டு விட்ட டேப்புக்கு அடியில் தீராது. வெல்டிங் மேட்டின் ஓரமாக டேப் தூக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே தண்ணீர் போகும், ஆனால் பாலிஎதிலீன் மின்னோட்டத்தை மறித்துவிடும். அந்தப் பகுதியில் டேப்பை முழுவதும் உரித்து, மணல் பீச்சிச் சுத்தம் செய்து, திரவ எபாக்சி பூசுங்கள். மூடும்போது தோண்டிய களிமண்ணையே தள்ளாமல் உப்பில்லாத சுத்தமான மணல் போடுங்கள், தண்ணீர் வடிய வழி விடுங்கள். மண்ணில் கிருமிக்கொல்லி ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் காசைக் கரைக்காதீர்கள்.