தோளுக்கு நோகாத காம்பவுண்ட் வில்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 46. கோவையில் ஒரு கிளப்பில் ஆறு வருடமாக ரிகர்வ் வில் (சக்கரமில்லாத, முனை வளைந்த வில்) எய்து வந்தேன், இழுப்புப் பாரம் 36 பவுண்டு. போன வருடம் வலது தோளில் தசைநாண் வீக்கம் வந்து எட்டு மாதம் வில்லைத் தொடவே இல்லை. இப்போது பிசியோதெரபிஸ்ட் மெதுவாகத் தொடங்கலாம் என்கிறார். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) கலப்பு அணிப் போட்டி வருகிறது என்பதால் கிளப்பில் பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். "நீங்களும் மாறிடுங்க சார், தோளுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். கடையில் 50-60 பவுண்டு வில் ஒன்றைக் காட்டி, "லெட்-ஆஃப் 85 சதவீதம், இழுத்துப் பிடிச்சா பாரமே தெரியாது" என்றார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த வில் வேண்டாம். காம்பவுண்டுக்கு மாறுவது நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் தோளுக்கு ஏற்ற வில் வேறு.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. லெட்-ஆஃப் என்பது முழுதாக இழுத்ததும் குறைந்துவிடும் பாரத்தின் அளவு. 50 பவுண்டு வில்லில் 85 சதவீத லெட்-ஆஃப் என்றால், முழுதாக இழுத்து நிற்கும்போது கையில் இருப்பது ஏழரை பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவுக்கும் குறைவு. உங்கள் ரிகர்வில் அதே இடத்தில் 36 பவுண்டு, 16 கிலோவுக்கு மேல், நின்றுகொண்டிருந்தது. குறி பார்க்கும் அந்தச் சில விநாடிகளில் காம்பவுண்ட் பெரிய நிம்மதி.

ஆனால் அந்த நிம்மதிக்குப் போய்ச் சேரும் வழியைப் பாருங்கள். ரிகர்வில் பாரம் இழுக்க இழுக்கச் சிறிது சிறிதாக ஏறும். உச்சம் வருவது கடைசியில். அதற்குள் தோள்பட்டை எலும்பு பின்னால் நகர்ந்து, முதுகின் பெரிய தசைகள் வேலையை வாங்கிக்கொண்டிருக்கும். காம்பவுண்டில் அப்படி இல்லை. இழுக்கத் தொடங்கி ஒருசில அங்குலத்துக்குள்ளேயே பாரம் உச்சத்துக்கு ஏறிவிடும், அப்புறம் கொஞ்ச தூரம் அங்கேயே நிற்கும், பிறகுதான் சட்டென்று இறங்கும். உச்சம் வரும் நேரத்தில் இழுக்கும் கை இன்னும் முன்னால் நீண்டிருக்கிறது. முதுகு இன்னும் வேலைக்கு வரவில்லை. அந்த நேரத்தில் தாங்குவது தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் சின்னத் தசைகள், ரோட்டேட்டர் கஃப் என்பார்களே, அவைதான். உங்களுக்குப் புண்பட்டது பெரும்பாலும் அந்த இடமாகத்தான் இருக்கும். அங்கே 36-க்குப் பதில் 50 பவுண்டை ஏற்றச் சொல்கிறார்கள்.

நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் காம்பவுண்ட் வாங்கும்போது, "60 பவுண்டு எடுங்க, போகப் போகப் பழகிடும்" என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டேன். மூன்று மாதத்தில் சட்டையில் கை நுழைக்க முடியவில்லை. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி போட்டிக் காம்பவுண்டுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உச்சமே 60 பவுண்டுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் வில்லையே அந்த எல்லையில் வாங்கியிருக்கிறேன்!

சரி, உங்களுக்கு எது? 30-40 பவுண்டு லிம்ப் (வில்லின் வளையும் கை) உள்ள வில்லைக் கேளுங்கள். இருப்பில் இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லுங்கள், காத்திருங்கள். 50-60 லிம்பை வாங்கி, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் குறைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பொதுவாகப் பத்துப் பவுண்டு அளவுக்குத்தான் அப்படி இறக்க முடியும். தயாரிப்பாளர் குறித்த சுற்றுக்கு மேல் போல்ட்டைத் தளர்த்துவது ஆபத்து, லிம்ப் கழன்று முகத்தில் அடிக்கலாம். 30-ல் தொடங்கி, வலி இல்லாத வாரங்களைப் பார்த்து, மேல் கீழ் இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு திருகி மெல்ல ஏறுங்கள். 40 பவுண்டில் 50 மீட்டர் இலக்கைத் தாராளமாக அடிக்கலாம். சைட்டை (குறி பார்க்கும் கருவியை) கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

50 மீட்டர் தகுதிச் சுற்றில் 72 அம்பு. 50 பவுண்டு வில்லில் அத்தனை முறை இழுத்தால் மொத்தம் 3,600 பவுண்டு, ஏறக்குறைய 1,630 கிலோ. 40 பவுண்டில் சுமார் 1,300 கிலோ. ஒரு மதியத்தில் 330 கிலோவை உங்கள் தோளிலிருந்து இறக்கிவைக்கிறீர்கள், அதுவும் பயிற்சி அம்புகளைக் கணக்கில் எடுக்காமலே.

பவுண்டுக்கு அடுத்தபடி கேம். வில்லின் இரு முனையிலும் உள்ள அந்தச் சக்கரங்கள்தான் பாரம் எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. ஒரே 40 பவுண்டு என்று எழுதியிருக்கும் இரண்டு வில்லை இழுத்தால் ஒன்று வெண்ணெய் போல வரும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். வேகத்துக்காகச் செய்த கேம் உச்சத்துக்குச் சீக்கிரம் ஏறி, அங்கே நீண்ட நேரம் நிறுத்தி, கடைசியில் குழிக்குள் விழுவதுபோல் இறங்கும். விளம்பரத்தில் விநாடிக்கு 340, 350 அடி என்று பெரிய எழுத்தில் போட்ட வில்லெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். அந்த எண்ணும் 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் (சுமார் 23 கிராம்) அம்பு என்ற கணக்கில் அளந்தது, உங்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அதற்காகத் தோளைக் கொடுக்காதீர்கள். "மெதுவான கேம், நாண் இடைவெளி ஏழு அங்குலத்துக்குக் குறையாமல்" என்று கேட்டால் விவரம் தெரிந்த கடைக்காரர் புரிந்துகொள்வார். (இழுக்காத நிலையில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்தான் நாண் இடைவெளி.)

லெட்-ஆஃப் 85, 90 என்று கூடிக்கொண்டே போவதும் உங்களுக்கு நல்லதல்ல. எய்யாமல் நாணைத் திரும்ப விடும்போதுதான் தெரியும். ஏழு பவுண்டாக இருந்தது திடீரென்று முழுப் பாரமாகி கையை முன்னால் பிடுங்கும். ஆறிவரும் தசைநாணுக்கு இழுப்பதைவிட இந்தப் பிடுங்கல்தான் மோசம். 70-75 சதவீதம் போதும். சில வில்களில் இதை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கடையில் இப்படிச் சோதியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரு காலையும் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். அம்பு பூட்டி இலக்கை நோக்கியே வையுங்கள், அம்பில்லாமல் நாண் கைதவறினால் வில் உடைந்துவிடலாம். வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், நேராக வைத்தபடியே இழுங்கள். முப்பது விநாடி நில்லுங்கள். பிறகு எய்யாமல் மெதுவாகத் திரும்ப விடுங்கள். இதை ஐந்து முறை. ஐந்தாவது தடவையிலும் தோள் காதை நோக்கி ஏறவில்லை, கை வெட்டி இழுக்கவில்லை என்றால் அந்த வில் உங்களுடையது. இல்லையென்றால் ஐந்து பவுண்டு குறையுங்கள். இதற்கு அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள், என்ன தள்ளுபடி கொடுத்தாலும்.

பத்துப் பேர் எய்யும் மைதானத்தில் ஒருவராவது வானத்தை நோக்கி வில்லைத் தூக்கி இழுப்பார். அவருக்கு அந்த வில் கனம் என்று அர்த்தம். அவரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வலி இழுக்கும் கையில் இல்லை, வில் பிடிக்கும் இடது தோளில். கார்பன் வில் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஓரளவு. சைட், அம்பு ரெஸ்ட், ஸ்டெபிலைசர் (வில் ஆடாமலிருக்க முன்னால் நீட்டும் தண்டு) எல்லாம் பூட்டினால் சாதாரண அலுமினிய வில்லே இரண்டரைக் கிலோவைத் தாண்டும், அதை நீட்டிய கையில் பிடிக்கிறீர்கள். ஆனால் செலவு செய்வதற்கு முன் டிரா லெங்த்தை (நாணை இழுக்கும் நீளத்தை) அளந்து பாருங்கள். இடது தோள் வலிக்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் அதுதான். இரு கையையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். 170 சென்டிமீட்டர் என்றால் 67 அங்குலம், டிரா லெங்த் 27-க்குச் சற்றுக் குறைவு. உங்கள் வில் 28-ல் இருந்தால் முழங்கை பூட்டிக்கொண்டு தோள் மேலே ஏறும், வில்லின் மொத்தப் பாரமும் மூட்டில் உட்காரும். பல வில்களில் கேமில் உள்ள மாட்யூலை (இழுப்பு நீளத்தைத் தீர்மானிக்கும் சிறு துண்டை) நகர்த்தினாலே அரை அங்குலம் குறைத்துவிடலாம், புது வில் தேவையில்லை. அதோடு நீளமான ஸ்டெபிலைசரைக் கழற்றி, குட்டையானதைப் போட்டு ஒரு மாதம் எய்து பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. ஜெனிசிஸ் வில்லா, 5 முதல் 70 பவுண்டு வரை மாற்றக்கூடியதா? தோள் கெடக் கூடாது என்பதே என் கவலை.

பதில்: ஜெனிசிஸில் லெட்-ஆஃப் கிடையாது. 10 முதல் 20 பவுண்டுதான், யார் கைக்கும் பொருந்தும், அண்ணன் தம்பியும் அதிலேயே எய்யலாம். பள்ளியில் பழகிப் பார்க்க அது போதும். விடாமல் எய்யப்போகிறாள் என்றால் பேர் க்ரூசர் (Bear Cruzer) போல மாற்றக்கூடிய ரகம் வாங்குங்கள், வளர வளர டிரா லெங்த்தையும் சேர்த்தே கூட்டலாம். முதல் ஆறு மாதம் 15 பவுண்டைத் தாண்ட வேண்டாம். கூட்டும்போது பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். அம்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், வில்லின் ஒரு பவுண்டுக்கு ஐந்து கிரெயினாவது அம்பில் எடை இருக்கிறதா என்று கடையிலேயே தராசில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.