கேள்வி-பதில்: போக்கருக்கு வாத்தியார் வேணுமா?

கேள்வி: இணையத்தில் போக்கர் ஆடுகிறேன். வேகமாக முன்னேற வேண்டும். மாதச் சந்தா கட்டிப் பயிற்சி வீடியோக்களைப் பார்ப்பதா, மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஒருவரிடம் தனியாகப் படிப்பதா? எது நல்லது ஐயா?
- ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: 'வேகமாக' என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அந்தச் சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத்தில் ஒரு தகுதிப் போட்டியில் வென்று, லாஸ் வேகாசில் நடந்த உலகப் போட்டிக்குப் போய் 25 இலட்சம் டொலர் எடுத்தார். அன்றையிலிருந்து உலகமெங்கும் இளைஞர்களுக்கு இந்த அவசரம் பிடித்திருக்கிறது.

போக்கரில் ஒருவன் தேறிவிட்டானா என்று கண்டுபிடிக்கவே நிறையக் காலம் வேண்டும். உங்கள் கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராசா. இருக்கிற காசு முழுவதையும் தள்ளுகிறீர்கள். சரியான ஆட்டம்தான். ஆனாலும் பிறகு மேசையில் விழும் தாள்களால் ஏறத்தாழ ஐந்து தடவைக்கு ஒரு தடவை தோற்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆடியவன் அதே இரவில் வென்று எழும்பிப் போவான். ஆகவே வென்றதையும் தோற்றதையும் வைத்து உங்கள் ஆட்டத்தை நீங்களே எடைபோட முடியாது. பிழையைக் காட்ட இன்னொருவர் வேண்டும்.

நம்முடைய 304 சீட்டாட்டத்தில் அந்த இன்னொருவர் உங்கள் ஜோடியாக எதிரிலேயே இருக்கிறார். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு சாதியும் சேர்ந்தால் 304. இதை எங்கள் பக்கத்தில் எவரும் வகுப்புக்குப் போய்ப் படிக்கவில்லை. செத்த வீட்டுப் பந்தலில் விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில், பின்னால் குந்தியிருந்து பார்த்துப் படித்தது. ஒரு கை முடிந்ததும் பெரியவர் தாள்களைக் கலைக்க விடமாட்டார். "மறுகா என்னத்துக்கு மகன் அந்த ஜாக்கை இறக்கினாய்? துரும்பு அவன்ட கையில கிடக்கெண்டு உனக்கு விளங்கல்லையா?" என்று முதல் தாளிலிருந்து திருப்பிச் சொல்லுவார். எந்தத் தாளை யார் எப்போது போட்டான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பக்கத்துக் கதிரைக்காரரும் சேர்ந்துகொள்வார், சண்டை பெருக்கும், தேத்தண்ணி ஆறிப்போகும். அந்தச் சண்டைதான் பள்ளிக்கூடம். பந்தலில் ஆட்டம் இருக்கவே கூடாது என்று இந்தப் பக்கத்துக்குத் தொடர்ந்து எழுதும் அன்பருக்கும் இதையே திரும்பச் சொல்கிறேன்.

போக்கரில் ஜோடி சேர்ந்து ஆட ஆள் இல்லை. தோற்றவன் தாளைக் கவிழ்த்து எறிந்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விடுகிறான். கேட்க ஆள் இல்லை.

வீடியோவில் படிக்கக்கூடியது கணக்கு. கையில் இரண்டு ஹார்ட்ஸ், மேசையில் விரித்த நாலு தாளில் இரண்டு ஹார்ட்ஸ், இன்னும் ஒரு தாள்தான் வரவேண்டும். ஐந்தாவது ஹார்ட்ஸ் விழுந்தால் உங்கள் கை வலுக்கும். நீங்கள் காணாத 46 தாளில் அப்படி உதவுவது மிச்சமுள்ள 9 ஹார்ட்ஸ். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் 1000 ரூபாய் கிடக்கிறது, எதிராளி 500 கட்டுகிறான். 1500ஐ எடுக்க நீங்கள் 500 போடவேண்டும், அதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருக்கவேண்டும். கடைசித் தாளுக்குப் பிறகு அவனிடமிருந்து இன்னும் நிறையக் காசு வரும் என்றில்லாவிட்டால் தாளைக் கவிழ்த்து வைத்து அந்தக் கையிலிருந்து விலகுங்கள். இதற்கு வாத்தியார் வேண்டாம். ஆனால் இதைப் படித்துத் தலையாட்டியவனே இரவு பதினொரு மணிக்கு அந்த 500ஐப் போடுகிறான். ஏன் போட்டான்? முந்தின கையில் தோற்ற கோபமா, எதிராளி பொய் ஆடுகிறான் என்ற நினைப்பா? வீடியோ அதைக் கேட்காது.

நம் ஊர் ரியூசன் கொட்டகைகளிலும் எனக்கு இதே கோபம்தான். மைக்கைப் பிடித்து இருநூறு, முன்னூறு பிள்ளைகளுக்கு ஒரே தொனியில் சொல்லிவிட்டுப் போவதும் வீடியோதான். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை எந்த வரியில் தடுக்கி விழுகிறது என்று பார்க்க அங்கே எவருக்கும் நேரமில்லை. இதை எழுதும்போதெல்லாம் மாஸ்டர்மார் சிலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

சரி, உங்கள் விடயம். முதலில் வீடியோ, கணக்குப் பிடிபடும் வரைக்கும் மட்டும். மாதாமாதம் சந்தாவை இழுக்கவேண்டாம். பிறகு ஒரு கொப்பி எடுத்து, குழம்பிய கைகளை எழுதுங்கள்: என்ன தாள், நடுவில் எவ்வளவு, என்ன நினைத்துக் கட்டினீர்கள். வென்ற கைகளையும் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு ஒருவரிடம் போங்கள். அவர் உங்கள் கைகளைப் பார்க்காமல் தன் வெற்றிக் கதைகளைச் சொன்னால் எழும்பி வாருங்கள். அவருடைய வரவு செலவையும் கேளுங்கள், ஒரு நல்ல மாதத்தை மட்டும் காட்டுபவரை நம்பவேண்டாம். ஆட்டத்தை நடத்தும் மேசைக்காரன் உங்கள் காசில் தன் பங்கை எடுக்கிறான், அதற்கு மேல் இந்தக் கட்டணமும் சேருகிறது. வீட்டுச் செலவுக் காசில் இரண்டையும் கட்டுவதாக இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ரியூசன் மாஸ்டர்மார் இந்த முறையும் கடிதம் போடுவார்கள். போடட்டும். போன மாதம் எத்தனை பிள்ளைகளின் கொப்பியை வாங்கித் திருத்தினீர்கள் என்பதற்கும் அதில் பதில் இருந்தால், ஒரு எழுத்தும் வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.