தியரி புத்தகம் வாங்கியாயிற்று, எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

மயிலாப்பூரில் கீபோர்டும் இசைக் கோட்பாட்டின் அடிப்படையும் சொல்லித் தருகிறேன். வகுப்புக்கு வர நேரமில்லாமல், தொடக்கநிலை தியரி கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டிலேயே படிக்கிறவர்கள் சென்னையில் இப்போது நிறையப் பேர். அப்படிப் படிப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேளச்சேரி, ஐடி வேலை, வயது 42: சார், புத்தகத்தில் முதல் சில பாடங்கள் வேகமாகப் போயின. கீ சிக்னேச்சர் (ஒரு ஸ்கேலில் எந்த ஸ்வரம் ஷார்ப், அதாவது அரை தூரம் ஏற்றியது, எது ஃப்ளாட், அதாவது இறக்கியது என்று காட்டும் குறி) வந்ததும் நின்றுவிட்டேன். ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப், டி மேஜருக்கு இரண்டு என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ராத்திரி மனப்பாடம் செய்தால் காலையில் மறந்துவிடுகிறது. இந்த வயதில் ஏறாதா?

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அட்டவணையை மனப்பாடம் செய்ய உட்கார்ந்ததுதான் சிக்கல். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு கீபோர்டு முன்னால் உட்காருங்கள். சி-யில் ஆரம்பித்து அடுத்த சி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். எந்த இடத்திலும் உறுத்தாது. அதுதான் சி மேஜர்.

இப்போது ஜி-யில் ஆரம்பித்து அடுத்த ஜி வரை, மறுபடியும் வெள்ளைக் கட்டைகள் மட்டும். ஆறாவது ஸ்வரம் வரை நன்றாகவே போகும். ஏழாவதாக எஃப் வரும்போது ஸ்வரம் கொஞ்சம் இறங்கிவிட்டது தெரியும். எஃப்-புக்கு வலப்பக்கம் இருக்கும் கறுப்புக் கட்டையை அழுத்துங்கள். சரியாகிவிடும். ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப் என்று அட்டவணை சொல்வது இந்த ஒரு கட்டையைத்தான். டி-யில் ஆரம்பித்தால் மூன்றாவதும் ஏழாவதும் உறுத்தும், ஆகவே எஃப் ஷார்ப், சி ஷார்ப் என்று இரண்டு. எஃப்-பில் ஆரம்பித்தால் நாலாவது ஸ்வரம் தூக்கலாக இருக்கும். பி-யை ஒரு கட்டை இறக்கி பி ஃப்ளாட் ஆக்க வேண்டும்.

காரணம் எளிது. ஈ-க்கும் எஃப்-புக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை, பி-க்கும் சி-க்கும் நடுவிலும் இல்லை. மேஜர் ஸ்கேல் என்றால் முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்ற தூரங்கள். கறுப்பையும் சேர்த்து எண்ணினால், அரை என்பது ஒட்டிய அடுத்த கட்டை, முழு என்பது ஒரு கட்டை தாண்டி. எங்கே ஆரம்பித்தாலும் அந்தத் தூரங்கள் மாறாமல் இருக்கத்தான் கறுப்புக் கட்டை வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு ஸ்கேல் போதும். சி, ஜி, டி, எஃப் என்று நான்கையும் இப்படிக் காதால் கண்டுபிடித்துவிட்டால் மிச்ச அட்டவணையை நீங்களே எழுதிவிடலாம். எழுதிய பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள்.

புத்தகத்தின் மற்ற பகுதிகளுக்கும் இதையேதான் சொல்வேன். ஒரு வரியை வாசித்தால், அதைக் கேட்டுப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போக வேண்டாம்.

அடையாறு, இல்லத்தரசி: சின்ன வயதில் வர்ணம் வரை கர்நாடக சங்கீதம் கற்றேன். இப்போது பையனுக்காக மேற்கத்திய தியரி புத்தகம் படிக்கிறேன். பழையதை மறந்துவிட்டு ஆரம்பிக்க வேண்டுமா?

மறக்கவே கூடாது. உங்களிடம் இருப்பது பெரிய முதல். இந்தப் புத்தகத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். நேச்சுரல் மைனர் என்றால் நடபைரவி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மெலோடிக் மைனரின் ஏறுவரிசை கௌரிமனோஹரி. கையேட்டில் மைனருக்கு ஏன் மூன்று வகை என்று பலர் குழம்புகிறார்கள். கீரவாணியும் நடபைரவியும் பாடத் தெரிந்தவருக்கு நிஷாதம் எங்கே மாறுகிறது என்று சொல்லவே வேண்டாம்.

மோட்ஸ் என்று ஒரு பாடம் வரும். டோரியன், ஃபிரிஜியன் என்று கிரேக்கப் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நம் கிரஹபேதம்தான். சங்கராபரணத்தின் ரி-யை ஸ ஆக்கினால் கரஹரப்ரியா, அதுவே டோரியன். க-வை ஸ ஆக்கினால் தோடி, ஃபிரிஜியன். ம-விலிருந்து கல்யாணி, லிடியன். ப-விலிருந்து ஹரிகாம்போஜி, மிக்ஸோலிடியன். த-விலிருந்து நடபைரவி, ஏயோலியன். நி-யிலிருந்து ஆரம்பித்தால் சுத்தமான பஞ்சமம் கிடைக்காது, அதனால் நம் 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) வரிசையில் அதற்கு இடமில்லை. மேற்கில் அதற்கு லோக்ரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எஃப் ஷார்ப்பும் ஜி ஃப்ளாட்டும் ஒரே கட்டை, பெயர் மட்டும் இரண்டு என்று படிக்கும்போதும் உங்களுக்கு அது புதிதாக இருக்காது. சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே ஸ்தானம் என்று உங்கள் டீச்சர் சொல்லியிருப்பார். 12 ஸ்தானங்கள், 16 பெயர்கள். கூடவரும் ஸ்வரங்களைப் பார்த்துப் பெயர் வைக்கிற முறை இரண்டு இடத்திலும் உண்டு.

மூன்று இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். சரளி வரிசை, ஜண்ட வரிசை எல்லாம் மாயாமாளவகௌளையில் பாடிப் பழகிய தொண்டை, சி மேஜர் பாடும்போது ரி-யையும் த-வையும் தானாகவே கீழே இறக்கும். முதல் சில நாள் கட்டையை அழுத்திக்கொண்டே பாடுங்கள். இரண்டாவது, நம் ஸ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், சி அப்படி நகராது. மூன்றாவதுதான் முக்கியம்: பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஹார்மனி. நம் பாடத்தில் அது இல்லை. அந்த அத்தியாயத்துக்கு மட்டும் நீங்கள் முழுக்கப் புதியவர் என்று நினைத்துக்கொண்டு நிதானமாகப் போங்கள்.

நங்கநல்லூர்: பாட்டு டீச்சர் "உனக்கு ஐந்து கட்டை" என்கிறார். புத்தகத்தில் கட்டை என்று எதுவும் இல்லையே?

ஐந்து கட்டை என்றால் ஜி. ஒன்று சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஆறு ஏ, ஏழு பி. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகளுக்கு அரை சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். மேலே சொன்ன அதே காரணம்தான், ஈ-க்கும் எஃப்-புக்கும் நடுவில் கறுப்பு இல்லை.

முகப்பேர், கல்லூரி மாணவி: 3/4, 6/8 இரண்டிலும் ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ஆறு குவேவர் (எட்டில் ஒரு பங்கு நீள ஸ்வரம்) தான் வருகிறது. அப்புறம் எதற்கு இரண்டு பெயர்?

நல்ல கேள்வி. பல கையேடுகள் இதை இரண்டே வரியில் முடித்துவிடுகின்றன. கணக்கில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, வாயால் சொன்னால் உடனே தெரியும்.

மேஜையில் சீராகத் தட்டிக்கொண்டே "தக தக தக" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு "தக"-வின் முதல் எழுத்திலும் கொஞ்சம் அழுத்தம். ஆறு எழுத்து, மூன்று அடி. இது 3/4. அதே வேகத்தில் "தகிட தகிட" என்று சொல்லுங்கள். இதுவும் ஆறு எழுத்துதான், ஆனால் அடி இரண்டு. இது 6/8. கும்மிப் பாட்டுகள் பலவற்றில் உடம்பு இந்த இரண்டாவது விதமாகத்தான் அசையும். திஸ்ர நடை என்று நாம் சொல்வது அது.

இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். மெட்ரோனோமை ஆறு எழுத்துக்கும் வைக்காமல் அடிக்கு மட்டும் வையுங்கள். முதலில் தடுமாறும். இரண்டும் கலங்காமல் வந்துவிட்டால் 9/8, 12/8 எல்லாம் புத்தகம் பார்க்காமலேயே புரியும், ஏனென்றால் அவை மூன்று தகிட, நாலு தகிட, அவ்வளவுதான்.

பெரம்பூர்: பெண்ணுக்கு 9 வயது, பியானோ கிரேடு எழுதுகிறாள். தியரி தேர்வும் கட்டாயமா?

தேர்வு நடத்தும் அமைப்பைப் பொறுத்தது. டிரினிட்டி என்றால் கட்டாயம் இல்லை. ஏபிஆர்எஸ்எம் என்றால் ஐந்தாம் கிரேடு வரை தேவையில்லை. ஆறாம் கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போவதற்கு முன்னால் பொதுவாக ஐந்தாம் கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும். முதல் ஐந்து கிரேடு தியரி இப்போது ஆன்லைனில் நடக்கிறது. கடைசி வருஷத்தில் அவசரமாகப் படிக்காமல், வாசிக்கும் கிரேடுக்கு ஒரு கிரேடு பின்னால் தியரியும் வந்துகொண்டிருந்தால் குழந்தைக்குச் சுமை தெரியாது. ஒன்பது வயதில் பழைய வினாத்தாள்களைக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். அவள் வாசிக்கும் பாட்டிலேயே "இது எந்த கீ? ஏன்?" என்று கேளுங்கள்.

தாம்பரம்: கையில் எந்த வாத்தியமும் இல்லை. போன் ஆப் போதுமா?

ஸ்வரப் பெயரும் தூரமும் படிக்கப் போதும். கார்ட் பாடம் வந்ததும் ஒரே நேரத்தில் மூன்று நாலு கட்டை அழுத்த வேண்டும், போன் திரையில் விரலுக்கு இடம் பற்றாது. 61 கட்டைகள் கொண்ட சாதாரண கீபோர்டு, பழையதாக இருந்தாலும் சரி. எல்லாக் கட்டையும் ஒலிக்கிறதா என்று கடையிலேயே ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒரு தடவை அண்ணா சாலைக்குப் போய், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கலில் புத்தகங்களையும் வாத்தியங்களையும் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கிண்டி, பொறியியல் மாணவர்: கீபோர்டை வைத்துப் பாடிப் பழகினால் சுருதி கெட்டுவிடும் என்கிறார் தாத்தா. உண்மையா?

தாத்தா சொல்வதில் பொருள் இருக்கிறது. நீங்கள் பொறியியல் படிப்பதால் எண்ணாகவே சொல்கிறேன். ஸ-விலிருந்து மேல் ஸ வரை உள்ள ஓர் ஆக்டேவ் 1200 சென்ட்; சென்ட் என்பது சுருதி தூரத்தின் அளவு. கீபோர்டு அதை 12 சம பங்காகப் பிரிக்கிறது, ஒவ்வொன்றும் 100. இயற்கையான பஞ்சமம் 3:2 விகிதம், அது ஏறக்குறைய 702 சென்ட். கீபோர்டில் 700. காது இதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 5:4 விகிதத்தில் வரும் அந்தர காந்தாரம் ஏறக்குறைய 386. கீபோர்டில் 400. பதினான்கு சென்ட் வித்தியாசம் பழகிய காதுக்கு நன்றாகவே தெரியும். தம்புராவில் ஸ தந்தியை மீட்டிவிட்டு அமைதியாகக் கேட்டால் அதற்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் எழும். அது இந்த 386.

எல்லா ஸ்கேலையும் ஒரே கருவியில் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் சமப் பங்கீடு. ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தபோதும் இந்தச் சுருதிப் பிரச்சினை ஒரு முக்கிய வாதமாக இருந்தது. என் கருத்து: பெயரையும் தூரத்தையும் கீபோர்டில் படியுங்கள், பாடும்போது தம்புரா வையுங்கள். இரண்டையும் செய்கிற பிள்ளைகளுக்குச் சுருதி கெட்டு நான் பார்த்ததில்லை.

ராயபுரம், சர்ச் கொயரில் கிட்டார்: ஜி, சி, டி, ஈ மைனர் கார்டுகளில் ஒரு பாட்டு வாசிக்கிறேன். பாடுகிறவர்களுக்கு உயரமாக இருக்கிறது, ஈ-க்கு இறக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன்.

கார்டைப் பெயரால் ஞாபகம் வைக்காமல் எண்ணால் வையுங்கள். உங்கள் புத்தகத்தில் ரோமன் எண்கள் போட்டிருப்பது இதற்காகத்தான். ஜி மேஜரில் ஜி ஒன்று, சி நாலு, டி ஐந்து, ஈ மைனர் ஆறு. ஆக உங்கள் பாட்டு ஒன்று, நாலு, ஐந்து, ஆறு. ஈ மேஜரில் அதே எண்கள்: ஈ, ஏ, பி, சி ஷார்ப் மைனர். கடைசி இரண்டும் கைக்குக் கஷ்டம் என்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு டி, ஜி, ஏ, பி மைனர் பிடியுங்கள். கேட்பது ஈ மேஜராக இருக்கும்.

கொயர் பாட்டுகளில் பத்தை எடுத்து, கார்டுகளுக்கு மேலே பென்சிலால் எண் எழுதுங்கள். பல பாட்டுகள் ஒரே எண் வரிசையில் ஓடுவது தெரியவரும். அதற்குப் பிறகு எந்த ஸ்கேலுக்கு மாற்றச் சொன்னாலும் கை நிற்காது.

வளசரவாக்கம்: சினிமா இசையமைப்பாளர்கள் தியரி படித்தா வந்தார்கள்? ஞானம் போதாதா?

இளையராஜா சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார். அவ்வளவு ஞானம் உள்ளவரே படிக்க உட்கார்ந்தார் என்றால் நாமும் உட்காரலாம்.

மாம்பலம், ஓய்வு பெற்றவர்: புத்தகத்தில் மேஜர் பென்டாடோனிக் பார்த்தேன். சி, டி, ஈ, ஜி, ஏ. ஸரிகபத, அப்படியே மோகனம். ஆனால் வாசித்தால் மோகனம் மாதிரி இல்லை. எதை விட்டேன்?

நீங்கள் எதையும் விடவில்லை, ஐயா. புத்தகம் கொடுப்பது ஸ்வரங்களை மட்டும். ராகத்துக்கு அவை தேவை, ஆனால் போதாது. மோகனத்தில் ஸ்வரம் அசைந்தும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கியும் வரும். எங்கே நிற்க வேண்டும், எந்தச் சேர்க்கை திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று ஒரு வழக்கு இருக்கிறது. கட்டையில் ஸ்வரம் நேராகத்தான் நிற்கும். அதனால் வாசிப்பதை நிறுத்திவிட்டு "கபதஸ்" என்பதை மட்டும் பாடிப் பாருங்கள், ராகம் உடனே எட்டிப் பார்க்கும்.

ஏறும்போது இதே ஐந்து ஸ்வரங்கள், இறங்கும்போது சங்கராபரணத்தின் ஏழும் வந்தால் அது பிலஹரி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பழகிவிட்டு, மார்கழியில் மாம்பலத்திலும் தி.நகரிலும் நடக்கும் பிற்பகல் கச்சேரிகளுக்குப் போங்கள். பல சபாக்களில் அந்த நேரத்துக்கு டிக்கெட் கிடையாது. ஆலாபனை ஆரம்பித்ததும் பெயர் தேட வேண்டாம். இறங்கும்போது ம-வும் நி-யும் வருகின்றனவா என்று மட்டும் கேளுங்கள்.