அறிவுரை சொல்வதைத் தவிர சமூகப் பணியாளர் என்னதான் செய்வார்?

கேள்வி: "என் அக்கா வீட்டில் மாமா தினமும் குடிக்கிறார். பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். சமூகப் பணியாளர் யாரிடமாவது சொல்லுங்கள் என்கிறார்கள். அவர் வந்து நாலு அறிவுரை சொல்வதைத் தவிர என்ன செய்துவிடப் போகிறார்?"

நியாயமான சந்தேகம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) முடித்துவிட்டு வட சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பதினோரு வருஷம் மாடிப்படி ஏறி இறங்கியவள் நான். அறிவுரையால் ஒரு வீடு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. குடிக்காதே என்று உங்கள் மாமாவுக்கு இதுவரை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? இன்னொருத்தியாகப் போய் அதையே சொல்ல ரெண்டு வருஷப் படிப்பு எதற்கு?

உங்கள் அக்கா வீட்டைப் போலவே இருந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி. அப்பா பெயின்டர். அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். பதின்மூன்று வயதுப் பையன் எட்டாம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டு டூவீலர் மெக்கானிக் கடையில் எடுபிடி. கூடவே அம்மாவைப் பெற்ற பாட்டி. பையனின் ஆசிரியை சொல்லித்தான் எனக்கு அந்த வீடு தெரியும்.

முதல் நாளே சொதப்பினேன். கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை, நிரப்ப வேண்டிய படிவம். "பையன் ஊருக்குப் போயிருக்கான் மேடம்" என்றார் அம்மா. சமையலறைக் கதவுக்குக் கீழே அவன் கால் தெரிந்தது. என் மேலதிகாரி சிரித்துவிட்டு, "ஃபைலை ஆபீஸ்ல வச்சிட்டுப் போ. டீ கொடுத்தா வேணாம்னு சொல்லாத. மூணு தடவை போற வரைக்கும் 'ஏன்'னு ஆரம்பிக்கிற கேள்வியே கேக்காத" என்றார். படிப்பில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கச் சமூகப் பணிப் பேராசிரியர் 1957-ல் எழுதிய ஏழு கோட்பாடுகளை நாங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். அதில் ஒன்று, எதிரே இருப்பவரைக் குற்றவாளியாக்கித் தீர்ப்பு எழுதாதே என்பது. தேர்வில் எழுதுவது சுலபம், சாராய வாடை வீசும் அறையில் உட்கார்ந்துகொண்டு கடைப்பிடிப்பது வேறு.

"ஏன் சண்டை?" என்று கேட்டால் எந்த வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "அவருதான் காரணம்." அதனால் "நேத்து எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னாடி யார் வந்தா?" என்று கேட்டேன். நாலு நாள் கணக்கு சேர்ந்ததும் ஒன்று புலப்பட்டது. சண்டை எப்போதும் சாயங்காலம் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். அது தண்டல்காரர் வரும் நேரம்.

தண்டல் தெரியாதவர்களுக்காக: பத்தாயிரம் கடன் என்று பேச்சு, கையில் வருவது 8,500. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இந்த வீட்டில் ஒன்றை அடைக்க இன்னொன்று என்று இரண்டு தண்டல் ஓடின, நாளுக்கு 200 ரூபாய். பெயின்ட் வேலை மழைக்காலத்தில் கிடையாது. வாசலில் நின்று தண்டல்காரர் கத்த, அக்கம்பக்கம் பார்க்க, மனைவி கணவனைப் பார்த்துக் கத்த, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. பையன் மெக்கானிக் கடைக்குப் போனதும் அந்த இருநூறில் ஒரு பங்கைக் கட்டத்தான். ஊரே "படிப்பு ஏறல, உருப்படாம போயிட்டான்" என்று பேசிக்கொண்டிருந்தது. அவனோ அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

எல்லாரும் விரல் நீட்டுகிற ஆளிடம் வேலையை ஆரம்பிக்காதே என்பது அங்கே நான் கற்றது. அப்பாவின் குடியில் ஆரம்பித்திருந்தால் ஒரு வருஷம் வீணாகியிருக்கும். தண்டலில் ஆரம்பித்தோம். பாட்டி முன்பு சேர்ந்திருந்த மகளிர் குழுவில் பேசி, குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் வாங்கி ஒரு தண்டலை முடித்தோம். வாசலில் கூச்சல் பாதியானது. குடி குறையவில்லை, ஆனால் ஏழு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பேச முடிந்தது.

மெக்கானிக் கடை விஷயத்தில் எங்கள் அலுவலகத்திலேயே என் மேல் கோபம் இருந்தது. பதினாலு வயதுக்குக் கீழே வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் சொல்கிறது. அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்திருக்க வேண்டும் என்றார் சக பணியாளர் ஒருவர். நான் கடைக்காரரிடம் சட்டத்தைச் சொல்லி நாள் குறித்தேன். பத்து நாளில் அனுப்பிவிட்டார். அந்தப் பத்து நாளில் பையன் கையில் ஏதாவது ஆகியிருந்தால் என் முடிவு தப்பாகியிருக்கும். இன்றைக்கும் அதை முழுமனதோடு சரி என்று சொல்ல மாட்டேன்.

பிறகு பாட்டியோடு உட்கார்ந்து ஒரு படம் போட்டேன், காலண்டர் தாளின் பின்பக்கத்தில். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், ஒட்டுதலுக்கு நேர்கோடு, பகைக்கு நெளிகோடு. வீட்டைச் சுற்றி வெளியே யார் யார், பள்ளி, குழு, கோயில், கடன்காரர், எதிலிருந்து பலம் வருகிறது, எதில் கரைகிறது என்று வரைவது தனி. இதை 1975-ல் ஆன் ஹார்ட்மன் என்ற அமெரிக்கச் சமூகப் பணிப் பேராசிரியை உருவாக்கினார். பாட்டிக்கு அதெல்லாம் எதற்கு? ஒரு கட்டத்தைக் காட்டி, "இவன் என் சின்ன மவன், பொன்னேரில இருக்கான். பையன் காதுகுத்துல சீர் தகராறு, நாலு வருஷமா பேச்சில்ல கண்ணு" என்றார். தாய்மாமன்! அம்மாவிடம் நான் மூன்று முறை உறவினர்களைப் பற்றிக் கேட்டும் வராத பெயர் அந்தப் படத்தில் வந்தது.

அந்த மாமனையும் சேர்த்துச் சொந்தபந்தத்தைக் கூட்ட நினைத்தேன். நியூசிலாந்தில் 1989-லேயே இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். குழந்தையைப் பற்றி அதிகாரிகள் தீர்மானிப்பதற்கு முன்னால் சொந்தபந்தம் கூடிப் பேச வேண்டும், நடுவில் அதிகாரிகள் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்கள் பிள்ளைகளை அரசு அள்ளிக்கொண்டு போவதை எதிர்த்துப் போராடியதன் பலன் அது. நம் ஊரில் இதைத்தானே பஞ்சாயத்து என்கிறோம் என்று கேட்பீர்கள். வித்தியாசம் உண்டு. நம் பஞ்சாயத்தில் பெண்ணும் பிள்ளையும் கடைசியில் பேசுவார்கள், பல நேரம் பேசவே மாட்டார்கள். அதனால் மாமன் வந்த அன்று முதல் பேச்சு பையனுக்கு என்று முன்கூட்டியே எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கினேன். அவன் சொன்னது ஒரே வரி: "அப்பா ஸ்கூல் வாசலுக்கு வரக் கூடாது." பள்ளிக்குப் போகாததற்குத் தண்டல் பாதிக் காரணம்தான், மீதி அது. ஒருநாள் போதையில் வந்து அப்பா அங்கே விழுந்து கிடந்திருக்கிறார். இது யாருக்கும் தெரியாது. நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தண்டலை மாமன் ஏற்றுக்கொண்டார், பையன் மறுபடியும் பள்ளிக்குப் போவது என்று முடிவாகியிருந்தது.

இன்னொரு கேள்வி எங்களுக்கு ரொம்பக் கைகொடுக்கும். பத்துக்கு எவ்வளவு என்று பாடப்புத்தகம் கேட்கச் சொல்லும். நான் நூற்றுக்குக் கேட்பேன். "உங்க வீட்டு நெலமைக்கு நூத்துக்கு எத்தனை மார்க்கு போடுவீங்க அக்கா?" "முப்பத்தஞ்சு. பாஸ் மார்க்குதான்" என்று சிரித்தார் அம்மா. "நாப்பது ஆகணும்னா என்ன நடக்கணும்?" தொண்ணூறுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் புருஷன் திருந்தணும் என்பார்கள், அது நம் கையில் இல்லை. நாற்பதுக்குக் கேட்டால், "சம்பளத்த என் கையில ஒரு பாதி கொடுத்தா போதும்" என்று நடக்கக்கூடிய ஒன்று வரும்.

அடிக்கிறாரா என்பதை மட்டும் வீட்டுக்குள் கேட்கவே மாட்டேன். அடி இருக்கும் வீட்டில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது ஆபத்து. அவள் அங்கே சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் ராத்திரி பதில் கிடைக்கும். இந்த அம்மாவிடம் தண்ணீர் லாரி வரிசையில் நிற்கும்போது கேட்டேன். அறைந்திருக்கிறார், இரண்டு முறை. புகார் வேண்டாம் என்றார். வற்புறுத்தவில்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் கணவர் நினைத்தபடி மனைவியை வெளியே தள்ள முடியாது என்பதை மட்டும் சொன்னேன். ரேஷன் கார்டு, ஆதார் நகல், பையனின் மார்க் ஷீட் எல்லாம் ஒரு பையில் போட்டு மாமன் வீட்டில் வைத்தோம். அது போதும் என்றார், அன்றைக்கு.

குழந்தை மேல் பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் மட்டும் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்.

குடிக்கு வருகிறேன். ஏழு மாதம் கழித்து அந்தப் பெயின்டரே கேட்டார், "கை நடுங்குதுமா, எங்கயாவது சேத்து விடு." கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிப்போனோம். உங்கள் அக்காவுக்கு முக்கியமாக ஒன்று: பல வருஷம் தினமும் குடித்தவரை ரூமில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வேறொரு வீட்டில் இப்படிச் செய்து, இரண்டாம் நாள் அவருக்கு வலிப்பு வந்து, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் மூன்று நாலு நாளில் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

பெயின்டர் நிறுத்தினார், நாலு மாதத்தில் மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நிறுத்தினார். இப்போதும் பொங்கலுக்கும் ஆடிக்கும் தடுமாறுகிறார். பையன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படிக்கிறான். அந்தக் கடைக்காரர்தான் ஃபாரம் வாங்கிக் கொடுத்தார்.

பணம் கிடைக்குமா என்றும் கேட்பார்கள். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கணவனை இழந்த, கணவனால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் கொடிய நோயில் கிடக்கும் பிள்ளைகள் போன்றோருக்கு அது. ஆண்டு வருமானம் நகரத்தில் 96,000, கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். குடிக்கிற அப்பா கூடவே இருக்கும் வீடுதான் பெரும்பாலும் இதற்குள் சிக்காமல் நழுவிவிடுகிறது, இது எனக்குத் தீராத ஆத்திரம்.

உங்கள் அக்காவுக்கு மாமா இல்லாத நேரத்தில் போன் போடுங்கள். சண்டை எத்தனை மணிக்கு, அதற்கு முன் யார் வந்தார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பையனை யாராவது தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசட்டும், படிப்பைப் பற்றிக் கேட்காமல். அடி விழுகிறது என்றால் பெண்கள் உதவி எண் 181. பிள்ளை விஷயம் 1098. மனம் விட்டுப் பேச, டாக்டர் வழிகாட்ட, 14416, தமிழிலேயே பேசுவார்கள். ராத்திரியில் வீட்டை விட்டு வெளியேறும் நிலை வந்தால் 181-லேயே ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே என்று கேளுங்கள், ஐந்து நாள் வரை அங்கே தங்கலாம். சமூகப் பணியாளர் வந்தால் டீ கொடுங்கள். முதல் நாளே ஃபைலை விரித்தால், என்னைப் போல அவருக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.